பழப்புளியில் கழுவிய ரவைக் கோதுகள்

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாத, வீட்டுக்குள் வந்த சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற ஒரு மனிதர், துவக்கு வாங்கப்போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பத்து வருடங்களுக்கு முன் என் கணவர் அதைச் சொன்னபோது நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆரைச் சுடப் போறியள்?” என்று கேட்டேன்.

“கடதாசியை,” என்றார்.

பகிடி இல்லை. மிசிசாகாவில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் முப்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். ஒரு சனிக்கிழமை இவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தூரத்தில் வட்டம் போட்ட கடதாசி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதன் நடுவில் ஓட்டை போடவேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். அன்றைக்குத் திரும்பி வந்தவருடைய முகத்தில் நான் கலியாண நாளில்கூடக் காணாத சிரிப்பு இருந்தது.

அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கிற படிவத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. வைக்காவிட்டால் அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்களாம். நான் அந்தப் படிவத்தை இரண்டு கிழமை குளிர்சாதனப் பெட்டியின் மேல் போட்டு வைத்தேன். ஊரில் ஆமி சுட்டுக்கொண்டு போன பிறகு எங்கள் வளவுக்குள் வெற்றுக் கோதுகள் கிடக்கும். ரவை பறந்துபோன பின் மிஞ்சுகிற பித்தளைக் குழாய்கள் அவை. சுற்றிவளைப்பில் அப்படி ஒன்று வீட்டில் அகப்பட்டாலே போதும், பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவற்றைப் பொறுக்கி மலகூடக் குழிக்குள் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். அந்தப் பயம் கனடா வந்தும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து தனக்கென்று ஒரு சட்டைகூடக் கேட்காத மனிதர் முதல்முறையாக ஒன்று கேட்கிறார். என்ன செய்வது, கையெழுத்தை வைத்துக் கொடுத்தேன்.

துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டோடு கிடந்தது. அதனால் எனக்குத் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் கோதுகளால்தான். மற்றவர்கள் சுட்டுவிட்டு எறிகிற கோதுகளை இவர் கவனமாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றையே திருப்பி நிரப்பிச் சுடலாமாம். எங்கள் மோர்னிங்சைட் வீட்டு பேஸ்மென்றில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சின்னச் சின்ன இயந்திரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எலி வளையானாலும் தனி வளை என்று மனிதர் கீழேயே குடியிருந்தார்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் கோது வாய்ப்பக்கமாக ஒரு மயிரிழை நீளும். அந்த நீட்சியை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதற்கென்று கைப்பிடி சுற்றுகிற குட்டிக் கடைசல் ஒன்று வைத்திருந்தார். கோதை அதில் பூட்டிச் சுற்றினால் கத்தி வாய் விளிம்பைச் சீவும். பொன்னிறத் தூள் பறக்கும். பிறகு விளிம்பில் நிற்கிற பிசிறை உள்ளேயும் வெளியேயும் சுரண்டி எடுத்து, கலிப்பர் என்கிற கவ்வு அளவுகோலில் அளப்பார். கணக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில். அதைத் தொழிற்சாலைக்காரர்கள் ‘தவு’ என்பார்கள்.

“ஒரு தவு ரெண்டு தவு கூடினால் குடியா முழுகிப்போகும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கனக்க நீண்டால் கோதின்ரை வாய் துவக்குக்குள்ளை போய் இறுகி ரவையைப் பிடிச்சுக்கொள்ளும். வெடிக்கேக்கை அமுக்கம் எகிறும். துவக்கு என்ரை கன்னத்தோடை இருக்குதெல்லோ?” என்றார்.



இரண்டு வருடங்களுக்கு முன் தொழிற்சாலையை மூடினார்கள். முப்பது வருடம் அங்கே அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றவர்களுக்குச் சரிவராத துண்டை இவரிடம்தான் கொண்டுவருவார்கள். கை பிசகாத மனிதர் என்று மனேஜரே சொல்லுவாராம். வேலை போனபின் அந்தப் பெயரை வைத்திருக்க அவருக்கு மிஞ்சிய இடம் அந்த பேஸ்மென்ற் மேசையும், கழகத்தில் செப்டெம்பர் மாதம் நடக்கிற போட்டியும்தான். ஒன்பது வருடம் விடாமல் அதில் சுட்டவர். ஒருதரமும் முதலாவதாக வந்ததில்லை. அதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. சுட்ட கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து ஓட்டையும் ஓர் இருபத்தைந்து சதக் குவாட்டர் குற்றிக்குள் அடங்குகிறதா என்று குற்றியை மேலே வைத்துப் பார்ப்பார். அடங்கினால் அன்றைக்கு எனக்குத் தேநீர் போட்டுத் தருவார்.

போன கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் சின்னச் சண்டை. பித்தளைத் தூள் அவருடைய காலுறையில் ஒட்டி மேலே வந்து, நான் கழுவித் துடைத்த சுவாமி அறையில் மினுங்கியது. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். அடுத்த நாள் அவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். நான் விளக்குகளைப் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். கோபம் ஆறி மனம் குறுகுறுத்தது. கீழே போய்ப் பார்த்தால் மேசையில் நாலு தயிர் வாளிகளில் கோதுகள், எல்லாம் கறுத்து மங்கிப்போய். பித்தளைதானே, குத்துவிளக்குக்குச் செய்வதை இதுக்கும் செய்தால் என்ன? நாலு வாளியையும் ஒரே பேசினில் கொட்டினேன். முந்நூறுக்குக் கிட்ட இருக்கும். புளியில் ஊறப்போட்டுக் கழுவி, துவாயில் பரப்பி, ஹீற்றர் வாசலில் காய வைத்தேன். நகைக்கடை போல இருந்தது.

அவர் வந்து துவாயையும் வெறும் வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன செய்தனீர்?”

“கழுவினனான். வடிவா இல்லையோ?”

“வடிவுதான். எது எந்த வாளியிலை இருந்தது?”

அப்போதுதான் வாளிகளில் ஒட்டியிருந்த ரேப்பைப் பார்த்தேன். ஒருதரம் சுட்டது, இரண்டுதரம் சுட்டது என்று எழுதியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எத்தனைதரம் சுட்டது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் நீளமும் வேறு. நான் நாலு தலைமுறையையும் ஒரே பேசினில் குளிப்பாட்டி விட்டிருந்தேன். மகளுக்குப் போனில் சொன்னேன். அவள் வேலை செய்யுமிடத்தில் இருந்து சிரித்த சிரிப்பு கீழே இவருக்கும் கேட்டிருக்கும்.

இவர் ஏசவில்லை. “சரி, விடும். முதல்லை இருந்து அளப்பம்,” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு கோதாகக் கலிப்பரில் பிடித்து நீளத்தைச் சொல்லவேண்டும். நான் வெட்டவேண்டியதை ஒரு தட்டிலும் வெட்டத் தேவையில்லாததை மற்றத் தட்டிலும் போடவேண்டும். நான் ஒரு மோலில், காற்சட்டைக் கால் வெட்டித் தைத்துக் கொடுக்கிற கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். அளவு நாடாவும் சோக்குக் கட்டியும் என் சோறு. ஒருவர் அளக்க மற்றவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரிவராது. மேசை லாச்சியில் இருந்த பழைய கலிப்பரை எடுத்து, அவர் ‘சரி’ என்று தந்த ஒன்றை அளந்தேன். ஏழு தவு கூட இருந்தது. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அடுத்ததை அளந்தேன். அது பத்து.

அப்போதுதான் ஒரு சத்தம் காதில் பட்டது. டிக் டிக் டிக் என்று நுணுக்கமான சத்தம். வந்து உட்கார்ந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. ஹீற்றர் என்று விட்டிருந்தேன். அது ஹீற்றர் இல்லை. அவருடைய கையில் இருந்த கலிப்பரின் வாய் பித்தளையில் மோதுகிற சத்தம். கை நடுங்கியது. அளவுகோல் கோதை ஒழுங்காகக் கவ்வுவதற்கு முன்பே அவர் ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டுக் கோதை என்னிடம் தந்துகொண்டிருந்தார். பார்த்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. “தேத்தண்ணி அரைக் கப் காணும்” என்று கொஞ்ச நாளாகச் சொல்லிவந்தார். சீனிக்குப் பயந்து குறைக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். வங்கிக் கடிதங்களில் கையெழுத்து வைக்க “கண்ணாடியைக் காணேல்லை” என்று பின்போடுவார். கோயிலில் பஞ்சாமிர்தம் வாங்க வலதுகையை இடதுகையால் தாங்கிப் பிடித்தார். அதைப் பக்தி என்று நினைத்தேன். மற்றவர்களுடைய இடுப்பையும் காலையும் அரை அங்குலம் பிசகாமல் அளக்கிற எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கிற மனிதருடைய கை தெரியவில்லை.

அவர் மேலே போனபின் ‘சரி’ தட்டில் இருந்ததையெல்லாம் நான் அளந்தேன். நாற்பதுக்கு மேல் நீளம் கூடியவை. அவற்றில் வெடிமருந்தும் ரவையும் நிரப்பி, துவக்கைக் கன்னத்தோடு வைத்துச் சுட்டிருப்பார். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். நடுங்குகிற கைக்கு என்ன செய்வது, வந்தால் வந்ததுதான். ஆனால் பொய் சொல்லிக்கொண்டு அளப்பதா? என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிவிட்டு?

அடுத்த நாள் காலை தேநீரை வைத்துவிட்டு நேராகச் சொன்னேன். “நேற்று நீங்கள் சரியெண்டு தந்ததிலை நாற்பது பிழை.”

“அந்தக் கலிப்பர் பழசு,” என்றார்.

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். கலிப்பர் நடுங்காது.”

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கப்பை மெல்ல வைத்துவிட்டு, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் போய், பஸ் வந்தும் ஏறாமல் நின்றார். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

“எட்டு மாசமாச்சு. என்னோடை வேலை செய்த ஒராளுக்கு இப்பிடித்தான் கையிலை துவங்கினது. பிறகு நடக்க ஏலாமல் போச்சு. நீர் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை.”

“நான் பயப்பிடாமல் நீங்கள் தனியப் பயந்தனீங்களோ?” என்று கேட்டேன். எட்டு மாதம் அந்த மனிதர் ஒரே கட்டிலில் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தனியாகப் பயந்திருக்கிறார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. கொத்துரொட்டி எடுத்துச் சாப்பிட்டோம்.

குடும்ப டொக்டர், அவர் அனுப்பிய நரம்பு டொக்டர் என்று பனிக்காலம் முழுக்கக் காத்திருப்பிலேயே போனது. அவர் பயந்த அந்தப் பெரிய வருத்தம் இல்லை என்றார்கள். சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும், நுணுக்கமாக ஒன்றைச் செய்யப்போனால் நடுங்கும், அது ஒரு தனி வகையாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. குளிசை கொஞ்சம் குறைக்கும், ஆனால் மாறாது. டொக்டரின் அறையைவிட்டு வெளியே வந்ததும் நான் நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தேன். அவர் லிஃப்ற்றுக்குள் தன் வலதுகையையே பார்த்துக்கொண்டு வந்தார். நுணுக்கமான வேலை செய்யும்போது மட்டும்தான் நடுங்கும் என்பது எனக்கு நல்ல செய்தி. அவருக்கு அது வேறு செய்தி என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

“அளக்கிறதும் வெட்டுறதும் இனி என்ரை வேலை,” என்று நான்தான் சொன்னேன். வெடிமருந்தை மின்தராசு நிறுத்துக் கொடுக்கும். அமத்துகிற வேலைக்கெல்லாம் நெம்புகோல் இருந்தது. அதற்கு நுணுக்கம் தேவையில்லை. மிஞ்சியது கோதுதான். ஒருகாலத்தில் மலகூடக் குழிக்குள் போட்ட சாமானை இப்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல்நாள் கைப்பிடியை அமர்த்திச் சுற்றி இரண்டின் வாயைக் கோணலாக்கினேன்.

“அமத்தாதையும். கத்தி தன்ரை பாட்டிலை வெட்டும்,” என்றார்.

“துணிக் கத்தரிக்கோலுக்கும் அதுதான்,” என்றேன்.

பங்குனி, சித்திரை முழுக்க, வேலையால் வந்து சாப்பிட்டபின் ஒவ்வொரு நாளும் இருபது முப்பது வெட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து பிசிறு சுரண்டினார். அதற்குக் கை கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை. நடுநடுவே சண்டையும் பிடித்தோம், வானொலியில் யாரையாவது நக்கலும் அடித்தோம். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன். நாங்கள் வேறு வேறு ஷிப்ற்றில் பிள்ளை வளர்த்தவர்கள். நான் வெட்டியதை அவர் உருக்கு அளவுக் கட்டை ஒன்றுக்குள் போட்டு, மேல்விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார். நீளம் கூடினால் நகம் தடக்கும். என்னுடையது ஒன்றும் தடக்கவில்லை. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. வேண்டுமென்றே இன்னும் கவனமாக வெட்டினேன்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை கடையில் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு சுடுதிடலுக்குப் போனேன். “இண்டைக்குச் சரிவந்தால் செப்டெம்பருக்குப் பேர் குடுப்பன். இல்லாட்டி இல்லை,” என்று வழியில் சொல்லியிருந்தார். காரை நான்தான் ஓட்டினேன். வீட்டிலிருந்து வடக்கே ஒன்றரை மணித்தியாலம். வயல்வெளிக்குப் பின்னால் மண்மேடு, அதன் முன் கடதாசிகள். காதை மூடுகிற கவசத்தை எனக்கு அவரே மாட்டிவிட்டார். நான் பின்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து. பிறகு ஆறவிட்டு இன்னொரு ஐந்து. அப்படி இருபது சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் இல்லை. நல்லா விழவேண்டும், நல்லா விழவேண்டும் என்றுதான் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். துவக்கு மணல் பையில்தான் இருந்தது. ஆனாலும் விசையைத் தொடுகிற அந்த ஒரு விரல் அவருடையதுதானே.

சூட்டை நிறுத்திய பிறகு இரண்டு பேரும் நடந்துபோய்க் கடதாசியைப் பார்த்தோம். ஒரு காலத்தில் குவாட்டர் குற்றிக்குள் அடங்கிய ஓட்டைகள் இப்போது என் விரித்த உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன.

“காத்தாயிருக்கும்,” என்றேன்.

அவர் கம்பத்தைக் காட்டினார். கொடி அசையாமல் தொங்கியது.

“வெடிமருந்து கூடிக் குறைஞ்சிருக்கலாம்.”

“மெசின் நிறுத்தது.”

நான் வேறு என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் கடதாசியைக் கிழிக்காமல் நாலு மூலையிலும் ஊசியைக் கழற்றினார். அது கொஞ்ச நேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகவில்லை.

“கோதிலை ஒரு பிழையும் இல்லை,” என்றார். “நான் ஒவ்வொண்டாத் தடவிப் பாத்தனான். எல்லாம் ஒரே அளவு. அப்ப இது என்ரை கைதான். வேறை ஒண்டுமில்லை.”

குரலில் கோபம் இல்லை. தொழிற்சாலையில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, இது சரி, இது பிழை என்று சொல்லுகிற குரல். கடதாசியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். திரும்பி நடக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

“நீர் நல்லா வெட்டியிருக்கிறீர். நான்கூட உப்பிடி வெட்டினதில்லை.”

என் வேலையை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல்தரம். எனக்கு அழுகை வந்தது. பத்துக் கோதையாவது கொஞ்சம் கட்டையாக, கவனமில்லாமல் வெட்டியிருக்கலாம். அவருக்குக் குற்றம் சொல்ல நானாவது மிஞ்சியிருப்பேன்.